சோனகர், மூர், இலங்கையர்: ஒரு தீவின் மாந்தர் பெயர்கள்

இலங்கைத் தீவில் வாழும் மக்கள் அனைவரையும் ஒரே சொல்லால் சுட்ட வேண்டின், தமிழில் எச்சொல்லை ஆள்வது? ‘இலங்கையர்’ என்று விடை கூறுவது எளிது. ஆயினும் இது நம் பாட்டன்மார் நாவில் வழங்கிய சொல்லன்று. அவர்கள் ‘சிலோன்காரர்’ என்றார்கள். அச்சொல்லோ கொழும்பிலும் காலியிலும் கடை நடத்திவிட்டுக் காயல்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் திரும்பிய நம்மவரையே பெரும்பாலும் குறித்தது. தீவிலேயே பிறந்து தீவிலேயே மடிபவரைக் குறிக்க நம் கரையில் பொதுப்பெயர் ஒன்று இருந்ததாகத் தெரியவில்லை. சிங்களவர், யாழ்ப்பாணத்தார், சோனகர், சாவகர், பறங்கியர், வேடர் எனத் தனித்தனிப் பெயர்களே இருந்தன.

பெயர்களை ஆராய்ந்து ஆவதென்ன என்று கேட்கும் அன்பர்கள் உண்டு. அத்தீவின் சரித்திரத்தைப் புரட்டினால் அவ்வாறு கேட்கத் தோன்றாது. அங்கே ஒரு சொல்லின் பொருளை வைத்துச் சட்டசபை ஆசனத்திற்கு வழக்காடினார்கள். ஒரு சொல்லுக்கு முன்னால் வந்த அடைமொழியால் சிலர் உள்ளூராராகவும் சிலர் வந்தேறிகளாகவும் எண்ணப்பட்டார்கள். இன்றும் நம் தமிழ்ப் பத்திரிகைகளில் அத்தீவு முஸ்லிம்களைப் பற்றி எழுதுவோர், எந்தப் பெயரைப் போடுவதென்று அறியாமல், ஒரே கட்டுரையில் மூன்று பெயர்களை மாற்றி மாற்றிப் போடுகிறார்கள். இக்குழப்பம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றே பார்க்கலாம்.

அரபு இலக்கணம் ஓதியவர்கள் ‘நிஸ்பத்’ என்னும் அமைப்பை அறிவார்கள். ஊர்ப்பெயரின் ஈற்றில் ஒரு ‘யா’வைச் சேர்த்துவிட்டால் அவ்வூரார் பெயர் பிறந்துவிடும். மக்காவுக்கு மக்கீ, மதீனாவுக்கு மதனீ, பஸராவுக்குப் பஸரீ. ஊர் முந்தியது, மனிதன் பிந்தியவன். இலங்கைத் தீவுக்கு அரபிகள் இட்ட பழைய பெயர் ஸரந்தீப். எனவே அத்தீவார் ஸரந்தீபீ. பிற்காலத்தில் ஸைலான் என்றார்கள். அத்தீவார் ஸைலானீ ஆயினர். ஹிஜ்ரி 8ஆம் நூற்றாண்டில், அதாவது கி.பி. 1344இல், அங்கே சென்ற இப்னு பதூதா இரு பெயரையும் கையாள்கிறார். தீவை ஸைலான் என்றும், நம்மவர் பாவா ஆதம் மலை என்று வழங்கும் மலையை ஸரந்தீப் மலை என்றும் எழுதுகிறார். (‘ஸைலானீ’யையும் ‘ஜீலானீ’யையும் ஒன்றாக்கிப் பேசுவோரைக் கண்டிருக்கிறேன். முன்னது இத்தீவு, பின்னது பாரசீகத்தைச் சேர்ந்த கீலான். ஓசை ஒத்ததே தவிர உறவில்லை.)

இதில் வியப்பு என்னவெனில், ஸரந்தீப், ஸைலான் என்னும் இரண்டும் இரு வேர்களிலிருந்து வந்தவையல்ல. வடமொழியில் சிம்ஹலத்வீபம், பாலியில் ஸீஹளதீபம். இந்தத் ‘தீபம்’ விளக்கன்று, தீவு. அதுவே அரபியர் நாவில் ஸரந்தீப் ஆயிற்று. ஸீஹளம் மட்டும் தனியே நின்று ஸைலான் ஆயிற்று. போர்த்துக்கீசியர் அதைச் ‘சைலாவோ’ என்றனர், ஆங்கிலேயர் ‘சிலோன்’ என்றனர். நம் சங்க நூல்களில் வரும் ‘ஈழம்’ என்பதும் அதே ஸீஹளத்தின் திரிபு என்பது மொழிநூலார் பலர் கொள்கை, மறுப்போரும் உளர். அக்கொள்கையை ஏற்றால் சிங்களம், ஸரந்தீப், ஸைலான், சிலோன், ஈழம் ஆகிய ஐந்தும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாகிவிடும். பின்னாளில் ஒன்றுக்கெதிராக ஒன்றை நிறுத்திப் போர் புரிந்தவர்கள் இதை நினைத்துப் பார்த்திருப்பார்களா?

ஆங்கிலேயர் காலத்தில் ‘சிலோனீஸ்’ என்பது தீவார் அனைவருக்கும் பொது, ‘சிங்களீஸ்’ என்பது ஓரினத்தார்க்கு மட்டும் உரியது என்று வரையறுத்துக்கொண்டார்கள். வேரைத் தோண்டினால் இரண்டும் ஒன்றே. எனினும் ஆங்கிலம் படித்த தமிழரும் முஸ்லிமும் தம்மைச் சிலோனீஸ் என்று கூசாமல் சொல்லிக்கொண்டார்கள். அதனால் ஒருவரும் சிங்களவராகிவிடவில்லை. சொல்லின் வேர் வேறு, அதை இன்று வழங்குவோர் கொள்ளும் பொருள் வேறு என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டியதில்லை. இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னே வரும் பெரிய வாதம் முழுவதும் இதை மறந்ததனால் விளைந்தது.

இனிச் சோனகர் என்னும் சொல்லுக்கு வருவோம். நம் வீடுகளில் இது பற்றி இரு கருத்துகள் நிலவுகின்றன. ‘அது பிறர் நம்மை ஏளனமாகச் சொன்ன பெயர்’ என்பார் சிலர். ‘அது அரபியரைக் குறிக்கும் உயர்ந்த பெயர்’ என்பார் வேறு சிலர். இரண்டும் அவசரத் தீர்ப்புகள்.

கிரேக்கரின் ஒரு பிரிவார் வாழ்ந்த நாடு அயோனியா. கிழக்கு நாட்டார் அப்பெயரைக் கிரேக்கர் அனைவர்க்கும் ஆக்கினர். வடமொழியில் அது யவனர் ஆயிற்று, பாலியில் யோனர், யோனகர் ஆயிற்று. அசோகருடைய சாசனங்களில் யோனர் வருகிறார்கள். அநுராதபுரத்தின் மேற்கு வாயிலருகே பண்டுகாபய மன்னன் யோனருக்கு இடம் ஒதுக்கினான் என்று மகாவம்சம் கூறுகிறது. மேல்திசைக் கடலில் கிரேக்கர் மறைந்து அரபியர் வந்தபோது, பெயர் மாறவில்லை, பெயருக்குரியவர் மாறினர். யோனகர் என்னும் அச்சொல்லே மலையாளத்தில் ஜோனகராகவும் தமிழில் சோனகராகவும் நின்றது. கேரளத்தில் முஸ்லிம்களை ஜோனக மாப்பிள என்றும் கிறிஸ்தவர்களை நஸ்ராணி மாப்பிள என்றும் பிரித்து வழங்கியதை அறிவோம். தமிழகத்தைச் சூழ்ந்த பதினேழு நிலங்களை எண்ணும் பழைய செய்யுள் ஒன்று இலக்கண உரைகளில் காணப்படும். அதில் சிங்களம், சோனகம், சாவகம் என்னும் மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அப்புலவருக்கு அவை கடலுக்கு அப்பால் உள்ள மூன்று நாடுகள். பின்னர் அம்மூன்று பெயரும் ஒரே தீவின் மூன்று சமூகத்தார்க்கு வந்து வாய்த்தன.

அரபு மொழியும் அந்த அயோனியாவை விட்டுவிடவில்லை. அது யூனான் என்றது. அதற்கு நிஸ்பத் யூனானீ. நம் ஹகீம்கள் செய்யும் யூனானி வைத்தியத்தின் யூனானும், யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவின் சோனகமும் ஒரே மூலத்தின் இரு கிளைகள். ஆனபடியால் சோனகர் என்னும் சொல்லை வேர் நோக்கிப் பொருள் கொள்வதாயின், நம்மவர் அரபியரும் அல்லர், தமிழரும் அல்லர், கிரேக்கர் என்றே முடிவு கட்ட வேண்டிவரும்! அம்முடிவை ஒருவரும் ஏற்கமாட்டார்.

‘மூர்’ என்பதன் கதையோ இதனினும் விந்தையானது. உரோமர் வட ஆப்பிரிக்காவின் மேற்குக் கோடியில் வாழ்ந்தவர்களை மௌரி என்றனர். அங்கிருந்து அந்தலுஸுக்குச் சென்று ஆண்ட முஸ்லிம்களை ஸ்பானியரும் போர்த்துக்கீசியரும் அப்பெயரால் அழைத்தார்கள். 1492இல் கிரானடா வீழ்ந்தது. 13 ஆண்டுகள் கழித்து, 1505இல், லொரென்சோ த அல்மெய்தாவின் கப்பல்கள் இலங்கைக் கரையை அடைந்தன. அங்கே தொப்பி அணிந்து தொழுகை நடத்திய வணிகரைக் கண்டதும், ‘இங்கும் மூர்களா!’ என்று பழைய பகையின் பெயரையே அவர்களுக்கும் சூட்டினார்கள். மொரோக்கோ எங்கே, பேருவளை எங்கே? இவர்கள் வணிகத்தில் போட்டியாளர், மார்க்கத்தில் எதிரி. அவ்வளவே அவர்கள் பார்த்தது. ஸ்பானியர் பிலிப்பைன்ஸ் தீவுகளிலும் இதையே செய்தனர். அங்கே ‘மோரோ’ என்னும் பெயரை அம்மக்கள் பிற்காலத்தில் தமதாக்கிக்கொண்டு, 2019இல் அமைந்த தன்னாட்சிப் பகுதிக்கே ‘பங்சமோரோ’ என்று பெயர் கொண்டனர். பகைவன் எறிந்த கல்லை எடுத்து வீட்டுக்கு அத்திவாரமாக வைப்பதும் உண்டு. இலங்கையிலும் ஒருவகையில் அது நடந்தது. ஒல்லாந்தர் ஆட்சியைக் கடந்து ஆங்கிலேயர் ஏடுகளில் புகுந்த அப்பெயரை, ஆங்கிலம் கற்ற நம்மவர் தம் சங்கங்களின் பெயரிலேயே பொறித்துக்கொண்டார்கள்.

பழகிய பேச்சில் வழங்கிய பெயர்கள் வேறு. சிங்களவர் ஏட்டு வழக்கில் ‘யோனக’ என்றனர்; தெருவில் ‘மரக்கல’ என்றனர். மரக்கலத்தில் வந்தவர் என்பதே பொருள். நம் கரையின் மரைக்காயரை நினைவூட்டும் சொல். பிற்காலக் கரை வணிகரை, சம்பான் என்னும் படகை வைத்து, ‘ஹம்பயா’ என்றனர். ‘தம்பி’ என்று நாம் வாஞ்சையோடு அழைப்பதையும் எடுத்து, இறுதியில் ஓர் உயிரைச் சேர்த்துத் ‘தம்பியா’ என்று இழிவுப் பெயராக்கினார்கள். தமிழர் சிலரோ சோனகரைச் ‘சோனி’ என்று குறுக்கினார்கள். பட்டப்பெயர் சூட்டி ஒருவரையொருவர் அழைப்பதைச் சூரத்துல் ஹுஜுராத் விலக்கியிருப்பதை நம்மவர் அறிவார்கள். நம்மவரும் பிறரை அழைக்கும்போது அதை நினைவில் வைத்தார்களா என்பது தனிக் கேள்வி.

இப்பொழுது முதன்மையான வழக்குக்கு வருவோம். 1888இல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் பொன்னம்பலம் இராமநாதன் ஒரு கட்டுரை படித்தார். இலங்கைச் சோனகரின் இனவரலாறு அதன் பொருள். வீட்டில் பேசும் மொழி, வரலாறு, வழக்கங்கள், உடலமைப்பு ஆகிய நான்கு சாட்சிகளை நிறுத்தி, இச்சோனகர் இனத்தால் தமிழரே என்று தீர்ப்பளித்தார். 19 ஆண்டுகள் கழித்து, 1907இல், முஸ்லிம் கார்டியன் பத்திரிகையின் ஆசிரியர் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்கு ஆங்கிலத்தில் ஒரு மறுப்பு நூல் வெளியிட்டார். 1957இல் அது மறுபதிப்பும் கண்டது. இவ்விரு எழுத்துகளும் நம் சமூகத்தைப் பற்றி எழுந்த வாதங்களில் மிகவும் பெயர் பெற்றவை. ஒருவரைக் கொடியவராகவும் மற்றவரைக் காவலராகவும் காட்டி இவற்றைப் பேசுவதே நம் மேடைகளின் வழக்கம். நூலை நூலாக வைத்து மதிப்பிடுவோர் அரியர்.

காலத்தை முதலில் கவனிக்க வேண்டும். இராமநாதன் 1879 முதல் சட்டநிரூபண சபையில் தமிழர் பிரதிநிதி. தமிழ் பேசுவோர் என்ற முறையில் சோனகருக்கும் அவரே பேசிவந்தார். சபையை விரித்து, சோனகருக்குத் தனி ஆசனம் அளிக்கலாமா என்ற பேச்சு எழுந்த வேளையில் கட்டுரை பிறந்தது. சோனகர் தமிழரே எனின் தனி ஆசனம் எதற்கு? அஸீஸ் இந்த உள்நோக்கத்தைச் சுட்டிக்காட்டியது நேர்மையான விமர்சனம். எழுத்தின் காலமும் இடமும் அறியாமல் எழுத்தின் பொருளை அறிய முடியாது. எனினும் அரசாங்கம் அக்கட்டுரைக்குச் செவி சாய்க்கவில்லை. அடுத்த ஆண்டே, 1889இல், எம்.சி. அப்துர் ரஹ்மான் சோனகர் பிரதிநிதியாக நியமனம் பெற்றார்.

ஆனால் உள்நோக்கம் இருந்தது என்பதால் மட்டும் ஒரு வாதம் பொய்யாகிவிடாது. வாதத்தை வாதமாகவே எடைபோட வேண்டும். இராமநாதனின் முதற்சாட்சி மொழி. வீட்டில் தமிழ் பேசுகிறவன் தமிழன் என்றால், நைல் நதிக்கரையில் இன்று அரபு பேசும் உழவர் யாவரும் ஹிஜாஸிலிருந்து வந்தவர்களா? மிஸ்ர் நாட்டார் ஒரு காலத்தில் கிப்தி மொழி பேசினர் என்பதை மதரஸா மாணவனும் அறிவான். மொழி வம்சத்தோடு மட்டும் பயணம் செய்வதில்லை. சந்தையோடும் திருமணத்தோடும் ஆட்சியோடும் பயணம் செய்கிறது. அவர் காட்டும் வழக்கங்களும் அப்படியே. தாலி கட்டுவதும் ஆலத்தி எடுப்பதும் அண்டை வீட்டைப் பார்த்து வருபவை. உடலமைப்பு என்னும் சாட்சியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. மூக்கையும் நெற்றியையும் அளந்து இனம் கண்ட அக்காலத்துக் கலை இன்று அறிஞரால் கைவிடப்பட்டுவிட்டது.

அஸீஸின் பக்கமும் குறையில்லாமல் இல்லை. அவர் பக்கத்துக்கு வலுவாக நின்றது, இலங்கைப் பிரதம நீதியரசராயிருந்த அலெக்ஸாண்டர் ஜான்ஸ்டன் 1827இல் அச்சேற்றிய மரபுச் செய்தி. கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வானின் கொடுமைக்கு அஞ்சி, ஹாஷிம் குலத்தார் சிலர் யூப்ரடீஸ் கரையிலிருந்து புறப்பட்டு, கொங்கணம், தென்னிந்தியா, இலங்கை, மலாக்கா எனப் பரவிக் குடியேறினர் என்பது அச்செய்தி. அழகிய செய்தி, முழுவதும் கட்டுக்கதை என்று தள்ளவும் வேண்டியதில்லை. ஆயினும் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆண்டுகள் வாய்மொழியில் நின்ற ஒன்றை, இஸ்நாத் கேட்டுப் பழகிய நாம் எந்தத் தரத்தில் வைப்போம்? ஹதீஸ் கலையில் ஒரு செய்திக்கு நாம் கேட்கும் சங்கிலியை, நம் வம்சப் பெருமைக்கு வரும் செய்தியிடம் கேட்காமல் விட்டுவிடுவது முறையாகாது.

இப்னு பதூதா காட்டும் சித்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பில் கடலதிகாரியாக இருந்த ஜாலஸ்தி என்பவனிடம் ஏறத்தாழ 500 ஹபஷிகள் இருந்தனர் என்கிறார். மலைக்குப் போகும் வழியிலுள்ள குனகார் நகரத்துப் பள்ளிவாசலை ஷீராஸைச் சேர்ந்த ஷைகு உஸ்மானின் பெயரால் குறிக்கிறார். ஆக, 14ஆம் நூற்றாண்டிலேயே அங்கே ஹபஷியும் பாரசீகரும் இருக்கிறார்கள். அரபியர் இருந்தனர், நம் காயலிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சென்றோர் இருந்தனர், தீவிலேயே இஸ்லாத்தைத் தழுவியோர் இருந்திருப்பர். இத்தனை ஆறுகள் கலந்த குளத்தில் நீரை அள்ளி, ‘இது எந்த ஆற்று நீர்?’ என்று இரு பெரியவர்களும் வழக்காடினார்கள்.

இருவரிடமும் பொதுவாக உள்ள குறை ஒன்று உண்டு. அதைச் சுட்டியவர் எவரையும் நான் படித்ததில்லை. இருவர் கண்ணிலும் பெண்கள் படவில்லை. கப்பலில் வந்தவர்கள் ஆண்கள். அவர்கள் கரையில் மணந்த பெண்கள் யார்? அவர்கள் அடுப்பங்கரையில் பேசிய மொழி எது? தொட்டிலில் எந்த மொழியில் தாலாட்டினார்கள்? தந்தை வழியே வம்சம் என்று கொண்டால், அப்பெண்மக்கள் கணக்கிலிருந்து மறைகிறார்கள். மொழியே இனம் என்று கொண்டால், அம்மொழியை வீட்டுக்குக் கொண்டுவந்த அவர்கள் கண்ணுக்குத் தெரியாத சாட்சியாகவே நிற்கிறார்கள். சோனக வீட்டுத் தமிழ் தாய்வழி வந்த செல்வம் என்பதை ஒப்புக்கொள்வதால் தந்தைவழிப் பெருமைக்கு என்ன குறைவு வந்துவிடும்? அதை ஒப்புக்கொண்டால் இராமநாதன் வென்றுவிடுவார் என்று அஸீஸின் தலைமுறை அஞ்சியது. அவ்வச்சத்தின் காரணத்தைப் புரிந்துகொள்கிறேன். ஆனால் இலக்கிய மதிப்பீட்டில் அச்சத்துக்குச் சலுகை தர இயலாது. என் மதிப்பில் அஸீஸ் எதிராளியின் சாட்சிகளை உடைப்பதில் வல்லவர். தம் சாட்சிகளை நிறுவுவதில் அத்தனை வல்லவரல்லர். மறுப்பு நூல்களுக்கு இது பொதுவான இயல்பு.

சித்திலெப்பை மரைக்கார் இவ்விஷயத்தில் வேறு வழி சென்றார். 1882இல் அவர் தொடங்கிய தமிழ்ப் பத்திரிகைக்கு ‘முஸ்லிம் நேசன்’ என்று பெயரிட்டார். ‘சோனக நேசன்’ என்றோ ‘மூர் நேசன்’ என்றோ இடவில்லை. அதன்வழி மலாய்க்காரரும் கரையிலிருந்து வந்தோரும் வாசகராக உள்ளே வர இடம் கிடைத்தது.

இப்பெயர்த் தேர்வு பின்னே பெரிய பிளவாக வளர்ந்தது. சர் ராசிக் பரீத் சோனகர் சங்கத்தின் குரலாக நின்றார். மலாய் வம்சத்தவரான டி.பி. ஜாயா முஸ்லிம் லீகின் குரலாக நின்றார். ஜாயா ‘மூர்’ என்னும் பெயருக்குள் எங்ஙனம் புகுவார்? ‘முஸ்லிம்’ என்பது மார்க்கப் பெயர். ஸிஃபத்தே தவிர நிஸ்பத் அன்று. அதை இனப்பெயராக வழங்குவது இலக்கணத்துக்கு ஒவ்வாது எனச் சிலர் வாதிட்டனர். இலக்கணம் அவர்கள் பக்கம்; வழக்கோ மற்றவர் பக்கம். முடிவில் அரசாங்க ஏட்டில் சோனகர் என்பதும், மக்கள் நாவில் முஸ்லிம் என்பதும் நின்றுவிட்டன. 2012இன் கணக்கெடுப்பில் இனத்தால் இலங்கைச் சோனகர் நூற்றுக்கு ஒன்பதரைக்குக் குறைவு, சமயத்தால் முஸ்லிம்கள் ஒன்பதரைக்கு மேல். இவ்விரண்டுக்கும் இடையே உள்ள சிறிய இடைவெளியில்தான் மலாய்க்காரர் முதலியோர் வாழ்கிறார்கள்.

அடைமொழியின் வலிமையைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலேயர் ஏடுகள் ‘இலங்கைச் சோனகர்’, ‘கரையோரச் சோனகர்’ என்று பிரித்தன. பின்னது பிறகு ‘இந்தியச் சோனகர்’ ஆயிற்று. கரையோரம் என்றது நம் கரையைத்தான். 1915ஆம் ஆண்டுக் கலவரம் கம்பளையில் கரையோரச் சோனகரின் பள்ளிவாசலுக்கு முன்னால் பெரஹரா ஊர்வலம் மேளத்தோடு செல்வது பற்றிய வழக்கிலிருந்து முளைத்தது. கண்டியில் வெடித்து நாடெங்கும் பரவியபோது, எந்தக் கடை எந்தச் சோனகருடையது என்று கேட்டுக்கொண்டு நின்றவர் சிலரே. அக்கலவரத்தின்பின் இராமநாதன் சிறைப்பட்ட சிங்களத் தலைவர்களுக்காக வாதாடியது நம்மவர் நெஞ்சில் பழைய கட்டுரையின் நினைவோடு சேர்ந்து தங்கிவிட்டது.

மற்றப் பெயர்களைச் சுருக்கமாகவே சொல்கிறேன். மலாய்க்காரரைச் சிங்களவர் ‘ஜா’ மனிதர், அதாவது சாவகர், என்பர். ஐரோப்பிய வழியினரைத் தமிழர் பறங்கியர் என்பர். சிலுவைப் போர்க்காலத்தில் அரபியர் தம் எதிரிகளான பிராங்கியருக்கு வழங்கிய ‘இஃப்ரன்ஜ்’ என்பதே கடல் கடந்து பறங்கி ஆயிற்று. போர்த்துக்கீசியர் நமக்கு அந்தலுஸுப் பகையின் பெயரை இட்டார்கள்; நாமோ ஷாம் தேசத்துப் பகையின் பெயரை அவர்களுக்கு இட்டோம். கணக்கு நேர்! வேடர் தம்மை ‘வன்னியல எத்தோ’ என்கிறார்கள். காட்டு மாந்தர் என்பது பொருள். அப்பெயரை அவர்களிடம் கேட்டு எழுதியவர் நெடுங்காலம் இல்லை. தேயிலைத் தோட்டத் தமிழரை அரசு ‘இந்தியத் தமிழர்’ என்றது, ஊரார் ‘தோட்டக்காட்டான்’ என்றும் ‘கள்ளத்தோணி’ என்றும் இகழ்ந்தனர். 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவர்களில் இந்தியா வந்து நீலகிரியில் குடியமர்ந்தோரை நம்மவர் ‘சிலோன்காரர்’ என்கிறார்கள். அவர்கள் இப்பொழுது ‘மலையகத் தமிழர்’ என்னும் பெயரைத் தாமே தேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

அரபு நாடுகளில் வேலைக்குச் சென்ற பெண்மக்களால் அங்கேயும் ஒரு பெயர் பிறந்தது. நாட்டின் பெயர் 1972இல் ஸ்ரீ லங்கா ஆனபின், அதற்கு நிஸ்பத் செய்து பெண்பால் ஈறு சேர்த்து ‘ஸீரிலான்கிய்யா’ என்றார்கள். லெபனானில் அச்சொல் காலப்போக்கில் வீட்டுப் பணிப்பெண் என்றே பொருள்பட்டு, வேறு நாட்டுப் பணிப்பெண்ணுக்கும் வழங்கலாயிற்று. ஒரு காலத்தில் ஸரந்தீப் என்றால் மாணிக்கத்தையும் ஆதம் நபியின் மலையையும் நினைத்த மொழி அது. மிஸ்ரிலிருந்து நாடு கடத்தப்பட்டு அத்தீவில் வாழ்ந்த மஹ்மூத் ஸாமீ அல்பாரூதி தம் கவிதைகளில் ஸரந்தீபைப் பிரிவுத் துயரின் பெயராக்கினார். அம்மொழியில் அதே நாட்டின் நிஸ்பத்துக்கு இன்று இப்பொருள். நிஸ்பத்தின் ‘யா’ நடுநிலையானது. அதில் இழிவை ஊற்றுவது மனிதரே.

நம் எழுத்தாளர்களுக்கு இரண்டு செய்திகளைச் சொல்ல வேண்டும். முதலாவது, ஆங்கில வரலாற்று நூல்களைத் தமிழாக்குவோர் ‘மூர்கள்’ என்று எழுதுவதை விட வேண்டும். போர்த்துக்கீசியர் வருமுன்பே தமிழில் சோனகர் என்ற சொல் இருந்தது. சிங்கள அரசு ஏடுகளும் யோனக என்றே எழுதுகின்றன. சொந்தச் சொல்லைப் பெட்டியில் பூட்டிவிட்டு, லிஸ்பனிலிருந்து கடன் வாங்க வேண்டிய அவசியம் நமக்கில்லை.

இரண்டாவது, இக்கரையில் நாம் கூசாமல் எழுதும் ‘தமிழ் முஸ்லிம்’ என்னும் தொடரை அக்கரையார்மீது ஏற்றலாகாது. நமக்குத் தமிழர் என்பது மொழியால் வந்த பெயர். அதற்குள் நாமும் இருக்கிறோம். அங்கே தமிழர் என்பது ஓரினத்தின் பெயராகவும், முஸ்லிம் என்பது மற்றோரினத்தின் பெயராகவும் நிலைத்துவிட்டன. தமிழரசுக் கட்சியார் ‘தமிழ் பேசும் மக்கள்’ என்றொரு தொடரை அமைத்து இருசாராரையும் ஒரு குடைக்கீழ் கொணர முயன்றார்கள். நல்ல தொடர்தான்; முஸ்லிம்கள் பலர் ஒரு காலத்தில் அக்குடைக்குள் நின்றதும் உண்டு. 1990 அக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம்களை ஆயுதம் தாங்கிய புலிகள் சில நாள்களுக்குள், யாழ்ப்பாண நகரில் சில மணி நேரத்துக்குள், வெளியேற்றினார்கள். வெளியேறியோர் ஏறத்தாழ 75,000 பேர் என்பர். வெளியேற்றியவரும் வெளியேறியவரும் பேசியது ஒரே தமிழ். அதற்குப்பின் அக்கரையார் ஒருவரிடம் போய், ‘நீங்கள் தமிழ் முஸ்லிம்தானே?’ என்று இக்கரை எழுத்தாளர் கேட்பதை எண்ணிப் பாருங்கள். அவர் சொல்லும் பெயரை எழுதிக்கொள்வதே எழுதுவோர் கடமை. அவர் முஸ்லிம் என்றால் முஸ்லிம், சோனகர் என்றால் சோனகர், இலங்கையர் என்றால் இலங்கையர்.

புத்தளத்து முகாம்களில் இரண்டு தலைமுறை கழித்தபின் அவர்களில் ஒரு பகுதியார் யாழ்ப்பாணம் திரும்பியிருக்கிறார்கள். வீடுகள் பல இடிந்தும் கைமாறியும் போயின. அவர்கள் திரும்பி வந்து சேர்ந்த தெருவுக்கு இன்றும் சோனகத் தெரு என்றே பெயர்.